மெழுகுக்கு அடியில்

செம்புக்கு வாசனை கிடையாது. காசை மூக்கருகே கொண்டுபோனால் கசப்பாக ஒரு வீச்சம் அடிக்கிறதே, அது காசுடையது அல்ல, அதைத் தொட்ட கையுடையது. தோலின் எண்ணெயும் வியர்வையும் செம்பின் மேல் பட்டுக் கிளம்புவது அது. கையுறை போட்டு எடுத்து, கழுவி, உலர்த்தி, மூடி வைத்த செம்புக் காசு கூழாங்கல்லைப் போல எந்த மணமும் இல்லாமல் கிடக்கும். அக்கா தங்கை இருவரில் மூத்தவள் இதை யாரிடம் சொன்னாலும் அவர்கள் உடனே பையிலிருந்து ஒரு காசை எடுத்து மோந்து பார்த்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவளும் போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

அதனால்தான் அன்று காலை பின்னறை மேசையின் இழுப்பறையைத் திறந்து காசுத் தட்டை வெளியே இழுத்ததும் அவள் கை பாதியில் நின்றுபோனது. தட்டிலிருந்து கை வாசனை வந்தது. லேசாக அல்ல. பேருந்துக் கம்பியை நாள் முழுக்கப் பிடித்துவிட்டு வந்த உள்ளங்கையை முகத்தில் வைத்து அழுத்தினாற்போல, கசப்பும் உப்புமாக, கொஞ்சம் வெதுவெதுப்போடு.

அவள் திறக்கும்வரை இழுப்பறை பூட்டியேதான் இருந்தது. சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் இருந்தது. வீட்டில் இருப்பது இரண்டே பேர், அவளும் அவள் தங்கையும்.

"ஏய், என் மேசையில கை வச்சியா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"உன் மேசையைத் தொட்டா கை கழுவணும், கால் கழுவணும், சத்தியம் பண்ணணும்," என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. சின்னவள் வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்திருக்க வேண்டும், பாதிச் சொல் நுரையாக வந்தது. "எனக்கு எதுக்குக்கா அந்த வம்பு?"

உண்மைதான். மூத்தவளின் கெடுபிடி அப்படி. காசை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, முகத்தில் விரல் படவே கூடாது. கீழே மெத்தென்று துணி விரித்திருக்க வேண்டும். காசுக்கு மேலே குனிந்து பேசக்கூடாது, எச்சில் ஒரு துளி பட்டால் போதும், ஆறு மாதத்தில் அங்கே ஒரு கரும்புள்ளி எழும். சின்னவள் இதையெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு நடித்துக் காட்டி வீட்டுக்கு வருகிறவர்களைச் சிரிக்க வைப்பாள். காசுகளுக்கு அவள் வைத்திருந்த பெயர் 'எங்கக்கா வீட்டு மாப்பிள்ளைங்க'. அக்கா கல்யாணமே செய்துகொள்ளாமல் இருந்துவிட்டதற்கு இவர்கள்தான் காரணமாம்.

காரணம் காசுகள் அல்ல, சின்னவள்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. தூக்கி வளர்த்தவள் மூத்தவள். இப்போது அந்தக் குட்டிக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதை நினைத்தால் மூத்தவளுக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், நாளைக்கு யாருக்குத் தலை பின்னி விடுவது என்றும் இருக்கும்.

தட்டில் இருந்தவை பல் டாக்டரின் காசுகள். டாக்டர் இப்போது வைத்தியம் பார்ப்பதில்லை. ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்த்துச் சலித்துப்போய், பழைய காசு சேர்க்க இறங்கிவிட்டார். எது கிடைத்தாலும் மூத்தவளிடம்தான் வரும். சுத்தம் செய்து, பச்சை பிடிக்காமல் பாதுகாத்து, அடுக்கிக் கொடுப்பது அவள் தொழில். போன வாரம் அவர் ஒரு கைப்பிடி காசைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார்.

"ஆத்துல மணல் அள்ளும்போது கிடைச்சதாம்மா. ஒரு சின்னக் கலயத்துக்குள்ள, வாயை மெழுகு வச்சு அடைச்சு," என்றார். "ரெண்டு பக்கமும் மொழுக்குனு இருக்கு. மேல என்ன இருந்துதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவளுக்கு அப்போதே ஒன்று உறுத்தியது. கைமாறிக் கைமாறித் தேய்கிற காசு எல்லா இடத்திலும்தான் தேயும், ஓரமும் சேர்ந்து மழுங்கும். இவற்றின் ஓரம் நேற்று வெட்டியதைப் போலக் கூர்மையாக இருந்தது. நடுவில் மட்டும் வழவழப்பு. பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் சாய்வாக விளக்கைப் பிடித்துப் பார்த்தாலும் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. இப்படிப்பட்ட காசுக்குத் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளத்தை வெறும் கட்டைவிரல் கண்டுபிடித்துவிடும். ஆனால் காசைக் கழுவுகிற அசிட்டோனில் ஊறி ஊறி மூத்தவளின் விரல் நுனிகள் காய்ந்த தோலாகிப் பல வருடம் ஆயிற்று. சின்னவள் துணிக்கடையில் வேலை செய்பவள். கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவி, பருத்தியா கலப்படமா என்று சொல்லிவிடுவாள்.

"கண்ணை மூடிக்கோ. அழுத்தாதே, சும்மா தடவு," என்று முந்தாநாள் மூத்தவள் அவளை மேசை முன் உட்கார வைத்தாள்.

"கையுறை?"

"இன்னிக்கு மட்டும் வேண்டாம்."

"அடேங்கப்பா! அதான் இப்படி மழை கொட்டுதா?" என்றாள் சின்னவள். வெளியே நிஜமாகவே பேய்மழை.

முதல் காசை வெகுநேரம் தடவினாள். "ஒண்ணுமில்லக்கா. உன் ராஜாவுக்கு மூஞ்சியே இல்ல." பிறகு விரல் நின்றது. "இரு, இரு. மூக்கு. சின்ன மூக்கு. கீழ உதடு. பொம்பளை மூஞ்சிக்கா இது." இன்னும் கொஞ்சம் தடவினாள். "வெதுவெதுன்னு இருக்கு."

"உன் கைச்சூடு."

"இருக்கும்." அடுத்த காசை எடுத்தாள். "இதுவும் அவளேதான்." அதற்கடுத்ததும் அவளே. விளையாட்டு பிடித்துப்போய், வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஒன்றுவிடாமல் தடவிவிட்டுத்தான் எழுந்தாள்.

மூத்தவள் அதன்பிறகு செய்ததுதான் தப்பு. வெறும் கை பட்ட காசை அசிட்டோனில் முக்கிக் கழுவி எடுத்த பிறகே மெழுகு பூச வேண்டும். மெழுகு காற்றையும் ஈரத்தையும் உள்ளே விடாது, உள்ளே இருப்பதை வெளியேயும் விடாது. கழுவாமல் பூசினால் தொட்ட கையை உள்ளே வைத்துப் பூட்டினதுபோல. அன்று அசிட்டோன் போத்தல் அடிவரை காலி. தெருவில் முழங்கால் தண்ணீர். டாக்டரோ மறுநாளே பார்க்க வருகிறேன் என்று துடித்துக்கொண்டிருந்தார். மழை நாளில் செம்பைத் திறந்து வைப்பது அதைவிட ஆபத்து. ஒரு தடவைதானே என்று காசுகளைச் சூடுகாட்டி, தூரிகையால் மெழுகைப் பூசி, மெல்லிய துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கித் தட்டில் அடுக்கிவிட்டாள். டாக்டர் மழையால் வரவில்லை. அந்தத் தட்டுதான் இப்போது மணக்கிறது.

விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எதிர்பார்த்ததுதான் நடந்திருந்தது. ஒவ்வொரு காசின் நடுவிலும், மெழுகுக்கு அடியில், ஒரு கட்டைவிரல் ரேகை எழும்பியிருந்தது. கழுவாத கைக்கு இதுதான் கூலி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் கைரேகை செம்பில் எழுவதென்றால் கறையாக எழும், செம்பை அரித்துக்கொண்டு உள்ளே இறங்கும். விளக்கைச் சாய்த்தபோது இந்த ரேகைகள் நிழல் காட்டின. இறங்கியவை அல்ல. மேலே வந்தவை. செம்புக்குள்ளிருந்து யாரோ விரலை வைத்து வெளியே அழுத்துவது போல.

அன்று சாயங்காலம் சின்னவள் ஈரக்குடையை உதறிக்கொண்டே சிரித்தபடி வந்தாள். "கடையில கை வைக்கிற மெஷின் என்னை யாருன்னு கேக்குதுக்கா. பத்து தடவை வச்சேன். வேற ஆளைக் கூட்டிட்டு வாங்கற மாதிரி கத்துது. மேனேஜர் என் விரலைப் பாத்துட்டு, என்னம்மா, பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையே போயிடுச்சாங்கறார்."

"கையைக் காட்டு."

கட்டைவிரல் நுனி மழமழவென்று இருந்தது. ஒரு கோடுகூட இல்லை. மூத்தவள் அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சின்னவள் மூத்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சோப்பு ஒத்துக்கலயோ என்னவோ, விடு," என்று கையை இழுத்துக்கொண்டாள். அந்த ராத்திரி மூத்தவள் தூங்கவில்லை. சோப்புதான் என்று சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை.

அடுத்த நாள் ரேகைகள் காசுகளில் இல்லை. அவை பரந்து, கலந்து, வேறொன்றாகத் திரண்டிருந்தன. ஒரு கன்னத்தின் வளைவு, ஒரு மூக்கு, பின்னால் இழுத்துக் கட்டிய கூந்தல். பக்கவாட்டில் பார்க்கும் ஒரு பெண் முகம், எல்லாக் காசிலும். மூத்தவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை ஒளிப்பானேன். தேய்ந்த காசில் உருவம் திரும்புவதெல்லாம் தொழிலில் யாரும் பார்த்திராதது. படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"பிரமாதம்மா! கையைக் குடு! என்ன வேலைப்பாடு பாரு, புருவத்துல ஒரு வெட்டுத் தழும்புகூட இருக்கு. நிஜ ஆளைப் பாத்துச் செஞ்ச மாதிரி."

மூத்தவள் போனைக் காதில் வைத்தபடியே பூதக்கண்ணாடியை இழுத்துக்கொண்டாள். இடது புருவத்தின் நடுவே, அரிசி முனை அளவுக்கு ஒரு இடைவெளி. நடக்கப் பழகிய வயதில் கட்டில் காலில் போய் விழுந்து சின்னவளுக்கு வந்த காயம் அது. ரத்தம் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளுக்கு அது தெரியாதா? டாக்டர் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போனைத் துணியின் மேல் வைத்துவிட்டாள்.

சின்னவள் கூடத்தில் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள்.

"அக்கா, இங்க பாரேன், என் தழும்பைக் காணோம்!" அவள் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. "பருவும் போயிடுச்சு. கடையில எல்லாரும் என்ன கிரீம் போடறேன்னு கேட்டு உயிரை எடுக்கறாங்க. கல்யாணக் களைன்னா இதானா?"

முகம் தெளிந்துதான் இருந்தது. மூக்கின் பக்கத்தில் இருந்த மச்சம் இல்லை. சிரிக்கும்போது கண்ணோரம் விழும் சுருக்கம் இல்லை. கன்னத்தில் விளக்கு வெளிச்சம் எண்ணெய் தடவினதுபோல வழுக்கிக்கொண்டு போயிற்று.

அப்போதுதான் மாப்பிள்ளைப் பையன் வீடியோவில் கூப்பிட்டான். சின்னவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தாள். "என்ன, உன் முகம் மங்கலாத் தெரியுது? லென்ஸைத் துடை," என்றான் அவன். துடைத்தாள். "இன்னும் அப்படித்தான் இருக்கு. பின்னாடி உங்க அக்கா பளிச்சுனு தெரியறாங்க. அலமாரி தெரியுது, காலண்டர் தெரியுது. உன் முகம் மட்டும்தான்." சின்னவள் சிரித்துக்கொண்டே முந்தானையால் போனை மறுபடி துடைத்தாள்.

இதை யாரிடம் சொல்வது? டாக்டரிடம் திருப்பிக் கொடுக்கலாமென்றால், கொடுப்பது எதை? தன் பிள்ளையின் முகத்தை ஒருவர் கையில் கொடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்ளச் சொல்வதா? சின்னவளிடம் சொன்னால் சிரிப்பாள், சிரித்துவிட்டுப் பயப்படுவாள். நன்றாக யோசித்துப் பார்த்ததில் மூத்தவளுக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. உள்ளே வைத்துப் பூட்டியது அவள்தான். மெழுகைக் கரைத்து எடுத்து, அன்று விட்டுப்போன கழுவலை இன்று கழுவிவிட்டால், உள்ளே போனது வெளியே வந்துவிடும். வந்த இடத்துக்குத் திரும்பிவிடும். இதைத் தவிர அவளுக்கு வேறென்ன தெரியும்? மறுநாள் மழை சற்று விட்டதும் போய் மெழுகு கரைக்க டர்பென்டைனும் கழுவ அசிட்டோனும் வாங்கி வந்தாள்.

விளக்கு வைக்கிற நேரம். சின்னவள் கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள், கண் கூசுகிறது என்றாள், கல்யாணத்துக்கு எடுத்த துணியை விரித்து வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டி துணியில் சறுக்கும் சத்தம், அவ்வப்போது ஈரம் பட்டு 'சுர்' என்று எழும் ஆவி, அதற்கு மேலே சின்னவள் முனகும் ஏதோ ஒரு பாட்டு. மூத்தவள் பின்னறைக் கதவை ஒருச்சாய்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சாளரக் கண்ணாடியில் மழைத்தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. தட்டைத் திறந்ததும் அந்தக் கை வாசனை அறை முழுக்க எழுந்து நின்றது, கூட ஒரு ஆள் வந்து உட்கார்ந்ததைப் போல.

முதல் காசை ஓரத்தில் பிடித்து எடுத்தாள். பஞ்சுக் குச்சியை டர்பென்டைனில் நனைத்து ஒற்றினாள். மெழுகு வெண்மையாகக் குழைந்து விலகியது. அடியில் முகம் அப்படியே இருந்தது, புருவத்துத் தழும்போடு. அசிட்டோன் நனைத்த பஞ்சை நெற்றியில் வைத்து மெதுவாகத் துடைத்தாள். நெற்றி பஞ்சோடு வந்துவிட்டது.

செம்பில் பொறித்த உருவம் பஞ்சுக்கு வராது. அரத்தால் ராவினால்தான் போகும். இது வந்தது. கண்ணாடி முன் உட்கார்ந்து முகப்பூச்சைக் கலைக்கிற மாதிரி வந்தது. பஞ்சில் ஒட்டியிருந்த நிறம் களிம்பின் பச்சையும் இல்லை, செம்பின் பழுப்பும் இல்லை. மாநிறம். அவள் குச்சியைச் சட்டென்று கிண்ணத்தில் போட்டாள். கூடத்தில் பாட்டு நிற்கவில்லை. இஸ்திரிப் பெட்டி சறுக்கியது. நல்லதுதான், வெளியே வருகிறது, வரட்டும், என்று அடுத்த குச்சியை எடுத்தாள்.

ஒன்று முடிந்தது. அடுத்ததில் டர்பென்டைன் பட்டதுமே மெழுகோடு சேர்ந்து முகமும் வந்தது. இன்னொன்று. காசு வழவழவென்று ஆனதும் துணியின் மேல் வைத்தாள். மணம் குறைந்தது. அதுவே அவளுக்குத் தெம்பாக இருந்தது. கூடத்தில் முனகல் தொடர்ந்தது, ஆனால் பாட்டில் இருந்த சொற்கள் எப்போது போயின என்று தெரியவில்லை. இப்போது வெறும் மெட்டுதான்.

"அக்கா," என்று சின்னவள் கூப்பிட்டாள். "கரண்ட் போயிடுச்சா?"

மூத்தவள் தலையைத் தூக்கினாள். மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒருச்சாய்த்த கதவின் இடுக்கில் கூடத்து வெளிச்சம் தரையில் நீளமாகக் கிடந்தது.

"இல்லையே," என்றாள்.

"இருட்டா இருக்கே."

இஸ்திரிப் பெட்டி எதிலோ முட்டும் சத்தம். மூத்தவளுக்குப் பாதி எழுந்த உடம்பு பாதியிலேயே நின்றது. ஓடிப் போய் அவளைப் பிடித்துக்கொள்ளவா? போய் என்ன செய்வது? மிச்சம் இருக்கிற காசுகள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை முடித்தால் விடும். "அங்கேயே இரு, பெட்டியை எடுத்து ஓரமா வை, இதோ வந்துட்டேன்," என்று கத்திக்கொண்டே குச்சியை நனைத்தாள். மெழுகு. நெற்றி. கண். மூக்கு. துடைத்தாள். அடுத்தது. துடைத்தாள்.

"அக்கா, என் மூஞ்சி..." குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "அக்கா, வாய் ஒரு மாதிரி..."

"இதோ முடிஞ்சுது. முடிஞ்சுதுடி கண்ணு."

துடைத்தாள். உதடு வந்தது. பஞ்சில் இளஞ்சிவப்பு.

கூடத்தில் சத்தம் நின்றது. ஒரு கணம். பிறகு மறுபடி முனகல். மூடிய தொண்டைக்குள்ளிருந்து, ஒரே சுருதியில், ஏறாமல் இறங்காமல். பாட்டு அல்ல அது.

கடைசிக்கு முந்தைய காசைத் துணியில் வைத்தபோதுதான் மூத்தவள் அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தாள். ஓரம் கூர்மையாக, நேற்று வெட்டினாற்போல. நடுவில் மட்டும் வழவழப்பு. டாக்டர் துணியில் முடிந்து கொண்டுவந்த அன்று எப்படி இருந்தனவோ அப்படியே. எப்போதோ, எங்கோ, அவளைப் போலவே ஒருத்தி ஒரு விளக்கடியில் உட்கார்ந்து, காப்பாற்றிவிடலாம் என்று நினைத்து, இவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்திருக்கிறாள். துடைத்து முடித்த பிறகுதான் கலயத்தில் போட்டு வாயை அடைத்திருக்கிறாள்.

கதவு அசைந்தது.

மூத்தவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. நிலையை ஒரு கை தடவும் சத்தம். தரையில் வெறுங்கால் இழுபடும் சத்தம். துணி கருகும் வாடை கூடத்திலிருந்து வந்தது.

"குட்டி?"

முனகல் மட்டும். பக்கத்தில்.

திரும்பினாள்.

சின்னவள் நின்றிருந்தாள். காலையில் போட்டுக்கொண்டு போன அதே மஞ்சள் சட்டை. அதே பின்னல். பின்னலுக்கும் கழுத்துக்கும் நடுவே நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒன்றுமில்லை. குழி இல்லை, மேடு இல்லை. மழமழவென்று மாநிறம். மேசை விளக்கு அதில் ஒரு சின்னப் பொட்டாக விழுந்து மின்னியது. மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு போக வழியில்லை, வர வழியில்லை. ஆனாலும் ஏறி இறங்கியது.

மூத்தவள் கையில் கடைசிக் காசு இருந்தது. மெழுகு கலைக்காத காசு. ஓரத்தில் பிடித்திருந்தாள்.

விளக்கடியில் கொண்டுவந்தாள். பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்த முகம் நேராகத் திரும்பியிருந்தது. இரண்டு கண்ணும் அவளைப் பார்த்தன. வாய் திறந்திருந்தது. தழும்பு இருந்தது. மச்சம் இருந்தது. உலகத்தில் சின்னவளின் முகம் என்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், நகத்தளவில்.

பஞ்சுக் குச்சி இன்னொரு கையில் நனைந்து சொட்டியது. மெழுகை எடுத்தால் அதோடு இந்த முகமும் போய்விடும். எடுக்காவிட்டால்?

மெழுகின் உள்பக்கத்தில், திறந்த வாய்க்கு நேரே, வெள்ளையாக மூச்சின் ஆவி படர்ந்தது. கதவருகே சின்னவளின் மார்பு இறங்கியது. மார்பு ஏறியது. ஆவி சுருங்கி மறைந்தது. மூத்தவள் காத்திருந்தாள். மறுபடி படர்ந்தபோது அது முன்னைவிடச் சின்னதாக இருந்தது.